டைம்டேபிளில் இல்லாத கணக்கு

ஒரு பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரிய வேண்டுமா? சுவரில் எழுதிப் போட்டிருக்கும் பொன்மொழிகளை விடுங்கள். ஆண்டு விழாப் பேச்சையும் விடுங்கள். அங்கே நடத்துகிற பாடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இருக்கிற பாடங்களைப் படித்து முடித்ததும், இல்லாத பாடங்கள் எவை என்று கொஞ்சம் யோசியுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கும்.

அமெரிக்காவில், கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் அப்படியொரு பள்ளிக்கூடம். பெயர், கார்ஃபீல்டு ஹைஸ்கூல். 1925ல் ஆரம்பித்தது. ஹாலிவுட் இருக்கிற ஊர்தான். ஆனால் அந்த வெளிச்சம் எட்டாத மூலை. மெக்ஸிகோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களின் பேட்டை. அப்பா தொழிற்சாலையில், அம்மா தையல் மெஷினில். வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம்.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. ஜேம்ஸ் கார்ஃபீல்டு, அமெரிக்காவின் 20வது ஜனாதிபதி. அவருக்குக் கணக்கில் ஒரு கிறுக்கு இருந்தது. ஜனாதிபதி ஆவதற்கு முன்னால், காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோதே, பிதாகரஸ் தேற்றத்துக்குப் புதிதாக ஒரு நிரூபணம் கண்டுபிடித்தார். ஒரு சரிவகத்தை வரைந்து, அதற்குள் மூன்று முக்கோணங்களைப் போட்டு, நாலே வரியில் முடித்துவிடுகிற அழகான நிரூபணம். 1876ல் ஒரு கல்விப் பத்திரிகையில் அது வெளிவந்தது.

அப்பேர்ப்பட்டவரின் பெயரை வைத்த பள்ளியில், பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைத்த கணக்கு என்ன தெரியுமா? கூட்டல், கழித்தல், பின்னம், சதவீதம். அத்தோடு சரி. மேற்கொண்டு? பையன்களுக்கு மெக்கானிக் ஷாப், தச்சு வேலை. பெண்களுக்கு டைப்பிங், சமையல், தையல். போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள்!

*

1968, மார்ச் மாதம். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பை விட்டு எழுந்து வெளியே நடந்தார்கள். கார்ஃபீல்டு, ரூஸ்வெல்ட், லிங்கன் என்று ஒவ்வொரு பள்ளியாக. ஒருவர் இருவர் அல்ல, ஆயிரக்கணக்கில். போலீஸ் வந்தது. லத்தி சுழன்றது. பின்னால் நின்றவர்கள் என்று சொல்லி, லிங்கன் ஹைஸ்கூல் ஆசிரியர் சால் காஸ்ட்ரோ உள்பட 13 பேர் மேல் சதி வழக்கு போட்டார்கள். பின்னாளில் அந்த வழக்கு நிற்கவில்லை என்பது வேறு கதை.

பிள்ளைகள் கேட்டது என்ன? ஸ்பானிஷ் பேசினால் தண்டிக்காதே. எங்கள் சரித்திரத்தையும் பாடத்தில் சேர். பாழடைந்த கட்டடத்தைச் சரி பண்ணு. இவற்றோடு இன்னொன்று. கல்லூரிக்குப் போகிற மாதிரியான பாடங்களை எங்களுக்கும் நடத்து. 'உனக்கெல்லாம் அது சரிப்படாது, போய்த் தொழில் கற்றுக்கொள்' என்று தள்ளிவிடாதே.

கவனியுங்கள். பரீட்சையைத் தள்ளிவை, லீவு விடு என்பதற்காக ஸ்டிரைக் பண்ணிய மாணவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர்கள், இன்னும் கஷ்டமான பாடம் கொடு என்று கேட்டு அடி வாங்கியவர்கள். அன்றைய கார்ஃபீல்டில், சேர்ந்த பிள்ளைகளில் பாதிக்கும் மேல் படிப்பை முடிக்காமலே நின்றுவிடுவார்கள்.

போராட்டம் முடிந்தது. பேச்சு வார்த்தை நடந்தது. சிலது மாறியது. கணக்குப் பாடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

*

ஆறு வருடம் கழித்து, 1974ல் ஓர் ஆள் அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தார். வயது 43. வழுக்கை விழுந்த தலையில் ஒரு தட்டைத் தொப்பி. பெயர், ஹைமே எஸ்கலான்டே. பொலிவியாக்காரர். அப்பா, அம்மா இரண்டு பேருமே ஆசிரியர்கள். இவரும் லா பாஸ் நகரத்தில் கணக்கும் இயற்பியலும் நடத்திப் பெயர் வாங்கியவர்தான். 1960களின் முற்பகுதியில் அமெரிக்கா வந்தார். வந்த இடத்தில் பொலிவியா டிகிரியை யார் மதிக்கிறார்கள்? ஓட்டலில் தரை துடைத்தார். சமையல் கட்டில் நின்றார். ராத்திரியில் படித்தார். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. ஆனாலும் மனசு கரும்பலகையிலேயே கிடந்தது. மறுபடி டிகிரி, மறுபடி ஆசிரியர் பயிற்சி. எல்லாம் முடித்துவிட்டு கார்ஃபீல்டுக்குள் நுழைந்தால், கையில் கொடுத்த புத்தகத்தைப் பார்த்து ஆடிப்போனார். பொலிவியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற கணக்கு!

பழைய கம்பெனிக்கே போன் போட்டு, வேலை திரும்பக் கிடைக்குமா என்று விசாரித்தார். அதற்குள் அல்ஜீப்ரா படிக்கத் தயார் என்று ஒரு டஜன் பிள்ளைகள் தேறினார்கள். சரி, இருந்து பார்ப்போம் என்று தங்கிவிட்டார்.

இருந்தவர் சும்மா இருக்கவில்லை. சமையல்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு வகுப்பில் ஆப்பிளை வெட்டிப் பின்னம் சொல்லிக்கொடுத்தார். கூடைப்பந்து ஆட்டத்தின் பாஷையில் அல்ஜீப்ரா நடத்தினார். ஒழுங்காக வருவேன், ஹோம்வொர்க் செய்வேன் என்று பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கினார். 'கானாஸ்' என்பது அவருடைய மந்திரச் சொல். ஸ்பானிஷில் ஆசை, வெறி என்று அர்த்தம். அது இருந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். சாது என்று நினைக்காதீர்கள். திட்டுவார், கிண்டலடிப்பார், அழவிடுவார். விடியற்காலையில் வந்து, ராத்திரி வரை பள்ளியிலேயே கிடப்பார்.

இதற்குப் பாராட்டு கிடைத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? உதவித் தலைமையாசிரியர் கூப்பிட்டு மிரட்டினார். சீக்கிரம் வருகிறாய், லேட்டாகப் போகிறாய், வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்று!

*

இப்போது கால்குலஸ். நான் காமர்ஸ் படித்தவன். எங்களுக்குக் கணக்கு என்றால் பற்று, வரவு, கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும், அவ்வளவுதான். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றை, அது மாறும்போதே அளக்கிற வித்தை கால்குலஸ். ஓடுகிற பஸ்ஸின் வேகம் இந்த நொடியில் எவ்வளவு என்பது மாதிரி. இன்ஜினீயரிங், இயற்பியல் எல்லாவற்றுக்கும் அதுதான் வாசற்படி.

அமெரிக்காவில் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்', சுருக்கமாக ஏ.பி. என்று ஓர் ஏற்பாடு 1950களிலிருந்து உண்டு. கல்லூரி முதல் வருடப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்துவிட்டு, மே மாதத்தில் நாடு முழுக்கப் பொதுவாக நடக்கிற பரீட்சையை எழுதலாம். மதிப்பெண் 1 முதல் 5 வரை. 3 வாங்கினாலே பாஸ். பல கல்லூரிகளில் அந்தப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டாம். நேரமும் மிச்சம், பணமும் மிச்சம். ஏழைப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏ.பி. கால்குலஸ் நடத்துகிற பள்ளியில் நீங்கள் படிக்க வேண்டுமே!

1978-79ல் எஸ்கலான்டே அந்தப் பாடத்தை கார்ஃபீல்டில் ஆரம்பித்தார். பரீட்சை வரை தாக்குப்பிடித்தவர்கள் ஐந்து பேர். பாஸ் இரண்டு. அடுத்த வருடம் ஒன்பதில் ஏழு. 1981ல் பதினைந்தில் பதினாலு. 1982ல் பதினெட்டு பேர் எழுதினார்கள். பதினெட்டும் பாஸ்.

பள்ளியே கொண்டாடியது. அப்புறம் வந்தது இடி.

தேர்வை நடத்துகிற ஈ.டி.எஸ். நிறுவனத்துக்குச் சந்தேகம். ஒரு கணக்கில் பல பேர் ஒரே மாதிரி தப்புச் செய்திருக்கிறார்கள். 14 பேரின் விடைத்தாள்கள் செல்லாது, வேண்டுமானால் மறுபடி எழுதலாம் என்று கடிதம் அனுப்பியது. எஸ்கலான்டே கொதித்தார். வசதியான வெள்ளைக்காரப் பேட்டையில் பதினெட்டு பேர் பாஸ் செய்திருந்தால் இந்தச் சந்தேகம் வந்திருக்குமா? பெயர்களெல்லாம் ஸ்பானிஷ் பெயர்கள் என்பதால்தானே? அப்படிப் பார்க்கவில்லை, விடைகளை மட்டும்தான் பார்த்தோம் என்றது நிறுவனம்.

அந்த ஆகஸ்ட் கடைசியில் 12 பேர் மறுபடி எழுதினார்கள்.  சுற்றிலும் கண்காணிப்பு. புதுக் கேள்வித்தாள். பன்னிரண்டு பேரும் பாஸ்!

முதல் தடவை என்னதான் நடந்தது? பத்திரிகையாளர் ஜே மேத்யூஸ் இதைப் பல வருடம் தோண்டினார். அந்த ஒரு கணக்கின் விடை மட்டும் சீட்டில் கை மாறியதாகச் சில மாணவர்களே தன்னிடம் சொன்னதாக எழுதியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் அந்த விடையே தப்பு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தப்பு விடையை நம்பி யாரும் பரீட்சையில் தேறவில்லை. இரண்டாவது தடவை தனியாக உட்கார்ந்து தேறியவர்களுக்குச் சீட்டே தேவைப்படவில்லை.

*

இதை வைத்து 1988ல் ஹாலிவுட் ஒரு படம் எடுத்தது. 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்'. எஸ்கலான்டேவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸின் பெயர் ஆஸ்கர் சிறந்த நடிகர் பரிந்துரைப் பட்டியலுக்குப் போனது. நல்ல படம். ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாற்றிவிட்டது. பின்னம் போடத் தெரியாத பசங்களை ஒரு வாத்தியார் பிடித்து, திட்டி, தட்டிக்கொடுத்து, குறுகிய காலத்தில் கால்குலஸ் புலிகளாக்கிவிடுகிறார். தியேட்டரில் கைதட்டல்.

நிஜத்தில் அப்படி நடக்கவே நடக்காது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கால்குலஸ் என்பது மாடி. அங்கே போக முதலில் அல்ஜீப்ரா ஏற வேண்டும். பிறகு ஜியோமிதி. பிறகு இரண்டாம் அல்ஜீப்ரா. பிறகு திரிகோணமிதியும் அதையொட்டிய கணிதமும். அதற்கப்புறம்தான் கால்குலஸ். ஆக ஐந்து படி, படிக்கு ஒரு வருடம். அன்றைய கார்ஃபீல்டோ மூன்று வருடப் பள்ளி. அதற்குப் பிள்ளைகளை அனுப்புகிற ஜூனியர் ஹைஸ்கூல்களில் வெறும் அடிப்படைக் கணக்குதான். ஐந்து படி, மூன்று வருடம். எந்தக் கொம்பனாலும் ஏற முடியாது. பிள்ளை மேதையாக இருந்தாலும் டைம்டேபிள் விடாது!

எஸ்கலான்டேயின் நிஜமான சாதனை இந்த இடத்தில்தான் இருக்கிறது. பக்கத்திலிருந்த கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியைப் பிடித்தார். கோடை விடுமுறையில், ஒரு வருடப் பாடத்தை ஏழு வாரத்தில் முடிக்கிற தீவிர வகுப்புகள். ஒரு கோடையில் ஒரு படி. இரண்டு கோடையில் இரண்டு படி. மூன்றும் இரண்டும் ஐந்து. கணக்கு நேராகிவிட்டது.

அது மட்டும் போதுமா? கீழ்ப் படிகளில் நடத்த ஆள் வேண்டாமா? பென் ஹிமெனெஸ் என்கிற சக ஆசிரியரைச் சேர்த்துக்கொண்டார். அல்ஜீப்ராவை எப்படி நடத்தினால் நாலு வருடம் கழித்து கால்குலஸில் உதவும் என்று கீழிருந்தே பாடத்தைச் செதுக்கினார்கள். நுழைவுத் தேர்வு கிடையாது. படிக்கிறேன் என்று யார் வந்தாலும் உள்ளே வா. இந்த ஏணி ஒழுங்காக நின்றதற்கு இன்னொருவர் காரணம். படத்தில் அவருக்குப் பெரிய இடமில்லை. ஹென்றி கிராடியாஸ், 1981ல் வந்த தலைமையாசிரியர். அவர் செய்த காரியம் வெளியிலிருந்து பார்த்தால் சப்பென்று இருக்கும். பாடப் பட்டியலைத் திருத்தினார். அவ்வளவுதான்! அடிப்படைக் கணக்கு வகுப்புகளைக் குறைத்தார். அதில் உட்காருகிறவனும் கூடவே அல்ஜீப்ராவில் உட்கார்ந்தாக வேண்டும் என்றார். மார்க் இல்லாவிட்டால் விளையாட்டு, கொண்டாட்டம் கிடையாது என்றார்.

1968ல் பிள்ளைகள் தெருவில் நின்று கேட்டது, 1980களில் டைம்டேபிளில் வந்து சேர்ந்தது.

பலன்? 1983ல் 33 பேர் எழுதி 30 பேர் பாஸ். 1987ல் 73 பேர் பாஸ். அதற்கும் மேலே 'பி.சி.' என்று ஒரு கடினமான தாள் உண்டு, அதில் 12 பேர். அந்த வருடம் அமெரிக்கா முழுவதும் ஏ.பி. கால்குலஸ் பாஸ் செய்த மெக்ஸிகோ வம்சாவளி மாணவர்களில் சுமார் நான்கில் ஒருவர் இந்த ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளை. திறமை ஒரு பேட்டையில் மட்டும் வந்து கொட்டியிருக்க முடியுமா? ஏணி அங்கே மட்டும் இருந்தது. 1990 வாக்கில், அல்ஜீப்ராவிலிருந்து கால்குலஸ் வரை இந்த ஏணியில் நின்றவர்கள் 400 பேருக்கும் மேல்.

*

இங்கே 'சுபம்' போட்டுவிடலாம். சரித்திரம் போடவில்லை.

1987ல் கிராடியாஸ் டாக்டர் பட்டத்தை முடிக்க லீவு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தவருக்குப் பள்ளி கிடைக்கவில்லை. கட்டடங்களிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் அகற்றுகிற வேலையை மேற்பார்வை பார்க்கப் போட்டார்கள்! நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த தலைமையாசிரியருக்கு நிர்வாகம் செய்த மரியாதை.

எஸ்கலான்டேவுக்கும் மேகம் சூழ்ந்தது. ஒரு வகுப்பில் 35 பேருக்கு மேல் கூடாது என்பது ஆசிரியர் சங்க ஒப்பந்தம். அவர் வகுப்பிலோ 50க்கும் மேல். யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டால் வேறென்ன ஆகும்? சங்கம் ஆட்சேபித்தது. சங்கத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒருவர் 50 பேருக்கு நடத்திக் காட்டினால், நாளை எல்லார் தலையிலும் 50 பேரைக் கட்டுவார்கள். கூடவே படம் வந்த புகழ், சக ஆசிரியர்களின் புகைச்சல், மொட்டைக் கடிதங்கள், அவருடைய முரட்டு வாய். 1990ல் கணிதத் துறைத் தலைவர் பொறுப்பு போனது. 1991ல் அவரே போனார். ஹிமெனெஸும் போனார். ஏணியைத் தாங்கிப் பிடிக்க இன்னோர் ஆசிரியர் முயன்றார். அவரும் ஒரு வருடத்தில் கிளம்பிவிட்டார்.

அதன்பின் சில வருடங்களிலேயே, கார்ஃபீல்டில் கால்குலஸ் தேறுகிறவர்கள் எண்ணிக்கை உச்சத்தில் இருந்ததில் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் அதே பேட்டைப் பிள்ளைகள்தான். அதே ரத்தம், அதே கானாஸ். பத்து வருடம் பாடுபட்டுக் கட்டியதைக் கலைக்க யாரும் கடப்பாரை எடுக்கவில்லை. ஒரு மாற்றல், ஒரு விதி, ஒரு ராஜினாமா. போதுமானதாக இருந்தது.

எஸ்கலான்டேயிடமும் கேட்க வேண்டிய கேள்வி உண்டு. இத்தனை பெரிய ஏணியை இரண்டு மூன்று பேரின் தோளில் மட்டும் சாய்த்து வைத்தது சரியா? அவர் இல்லாவிட்டாலும் நிற்கிற மாதிரி அதை ஏன் தரையில் ஊன்றவில்லை? நியாயமான கேள்வி. ஆனால் தரை யாருடையது? பள்ளி நிர்வாகத்துடையது. அது தன் வேலையைச் செய்யாமல், ஒரு மனிதர் அற்புதம் செய்கிறார் என்று கைதட்டிக்கொண்டிருந்தது. அற்புதம் என்று சொல்லிவிட்டால் ரொம்ப வசதி. மற்ற பள்ளிகள் எதையும் மாற்ற வேண்டாம் பாருங்கள்!

*

எஸ்கலான்டே சாக்ரமென்டோவில் சில வருடம் நடத்திவிட்டு 1998ல் ஓய்வு பெற்றார். 2010, மார்ச் 30ல் புற்றுநோயில் இறந்தார். வயது 79. கடைசி நாட்களில் வைத்தியத்துக்குப் பணம் திரட்டியவர்கள், படத்தில் நடித்தவர்களும் பழைய மாணவர்களும். அவர் உடலை கார்ஃபீல்டுக்கே கொண்டு வந்து அஞ்சலிக்கு வைத்தார்கள். 2016ல் அமெரிக்க அரசு தபால் தலை வெளியிட்டது. அதே தட்டைத் தொப்பி, பின்னால் கரும்பலகை.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 2015 மே மாதம் ஏ.பி. கால்குலஸ் எழுதியவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். ஒரு புள்ளிகூடக் குறையாமல் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 12 பேர். அதில் ஒருவன் லாஸ் ஏஞ்சலிஸ் லிங்கன் ஹைஸ்கூல் மாணவன். குடியேறி வந்தவர்களின் பிள்ளை. ஆமாம், 1968ல் சால் காஸ்ட்ரோ பாடம் நடத்திய, பிள்ளைகள் எழுந்து நடந்த அதே லிங்கன். அந்தப் பையன் படித்த நாளில் அந்தப் பள்ளியின் பட்டியலில் கால்குலஸ் இருந்தது. நடத்துவதற்கு நல்ல வாத்தியாரும் இருந்தார்.

அடுத்த முறை பிள்ளையைச் சேர்க்க ஒரு பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது, போன வருடம் எத்தனை சதவீதம் பாஸ் என்று கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள். இங்கே மாடிக்குப் போகிற படி இருக்கிறதா? அதில் யாரை ஏற விடுகிறீர்கள்? அந்த வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டால், அடுத்த வருடமும் அந்தப் படி இருக்குமா?